கேரியர் இல்லாத சைக்கிள்

இனிமேல் தன் தோளில் ஒரு மூட்டைகூட ஏறாது என்று அச்சகத்துப் பிழைதிருத்துநர் முடிவு செய்துவிட்டார். சாதாரண முடிவு இல்லை. கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் சொந்தமாக எடுத்த இரண்டாவது முடிவு. முதலாவது, மீசையை எடுத்தது. அதற்கு மறுநாளே மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

விஷயம் இதுதான். அவர் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துவந்தாள். தையல் கச்சிதம், அதனால் ஏகக் கிராக்கி. தைத்ததையெல்லாம் சாயங்காலம் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிடுவாள். அச்சகத்திலிருந்து திரும்பும் மனுஷன் செருப்பைக் கழற்றும் சிரமம்கூட இல்லாமல், மூட்டையைத் தூக்கிக்கொண்டு எட்டுத் தெரு நடந்து, சீருடைக் கடையில் இறக்கிவிட்டு வர வேண்டும். அதற்குள் தெருமுனைப் படிப்பகத்தில் கேரம் ஆட்டம் முடிந்து, பலகையைச் சுவரில் சாய்த்திருப்பார்கள். ஸ்ட்ரைக்கரைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி தூக்கத்தில் தலையணையைச் சுண்டுகிறார்.

"தொப்பை போடுது. ஒரு சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தார்.

"நல்லதாப் போச்சு. பின்னாடி வெச்சுக் கட்டிட்டா உங்களுக்கும் சிரமம் இல்ல. ஒண்ணுக்கு ரெண்டு மூட்டையாக் கொண்டுபோலாம்."

ஒரு மூட்டை இரண்டாகிவிட்டது. ஆனால் அடுத்த நிமிஷமே மூளையில் ஒரு வெளிச்சம். பின்னாடி என்று ஒன்று இருந்தால்தானே கட்டுவதற்கு?

சைக்கிள் கடைக்காரர் பெருமையாக அடுக்கினார். "புது வண்டின்னா பெல், ஸ்டாண்டு, பூட்டு, மட்கார்டு, செயின் கவர், முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், எல்லாம் சேர்த்துதான் சார். நீங்க கேக்கவே வேணாம்."

"நான் கேக்கல. கழட்டிடுங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

"பூட்டையுமா?"

"பூட்டு மட்டும் இருக்கட்டும்."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு பம்பு சேர்த்துக் குடு, ஒரு சீட் உறை போடுன்னு சண்டை போடறவங்களைப் பாத்திருக்கேன். இருக்கறதைக் கழட்டச் சொல்லிச் சண்டை போடறது நீங்கதான் சார்."

"எனக்குக் கேரியர் போனாப் போதும். ஆனா அது ஒண்ண மட்டும் கழட்டினா சந்தேகம் வரும்."

"யாருக்கு?"

அவர் வீடு இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரரும் கல்யாணமானவர். மேற்கொண்டு கேட்காமல் ஸ்பானரை எடுத்தார்.

இறகு பிடுங்கிய கோழி மாதிரி வந்து நின்ற சைக்கிளை, மனைவி ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள்.

"என்னங்க, மணி?"

"ஆறரை."

"நேரத்தைக் கேக்கல. சைக்கிள் மணியக் கேக்கறேன்."

"இப்பல்லாம் மணி வெக்கறதில்ல."

"யாராவது குறுக்க வந்தா?"

"தொண்டையக் கனைப்பேன்."

"ஸ்டாண்டு?"

"சுவத்துல சாத்திக்கலாம்."

"சுவர் இல்லாத எடத்துல?"

"அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நான் எதுக்குப் போறேன்?"

"சரி, கேரியர்?"

கடை முதல் வீடு வரை வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில் தயாராக இருந்தது. "கம்பெனிலயே நிறுத்திட்டாங்க. கனம் ஏத்தினா சக்கரம் கோணிக்குதாம்."

அவள் பார்வை சக்கரத்திலிருந்து கிளம்பி, அவர் வயிற்றுக்கு வந்து நின்றது. "அப்ப நீங்க ஏறினா?"

"நான் நடுவுல உக்காருறேன். நடுவுல கனம் இருக்கலாமாம்."

"அப்படியா?" என்றாள். "போகட்டும் விடுங்க. மூட்டைய நானே பாத்துக்கறேன். பாவம், நீங்களும் எத்தனை நாள்தான் தூக்குவீங்க."

பதினோரு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் 'பாவம்'. அதற்காவது அவர் பயந்திருக்க வேண்டும். அவரோ பூரித்துப்போனார்.

மூன்று நாள் ராஜ வாழ்க்கை. காலையில் சைக்கிளில் அச்சகம், சாயங்காலம் கேரம். மட்கார்டு இல்லாததால் சட்டை முதுகில் கழுத்துவரை ஒரு சேற்றுக்கோடு விழுந்தது. அவள் முணுமுணுக்காமல் துவைத்துப் போட்டாள். இடுப்பில் மூட்டையோடு அவள் தெருவைக் கடப்பது படிப்பக ஜன்னல் வழியாகத் தெரிந்தபோது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். உறுத்தல் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வீட்டில் விட்டு நடந்தே படிப்பகம் போனவர், மத்தியானம் ஆட்டம் ஏழு முடித்து, சிவப்புக் காயை மூன்று முறை போட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. சுவரில் சாயாமல், ஸ்டாண்டு போட்டு, நெஞ்சை நிமிர்த்தி. மணி இருந்தது. மட்கார்டு இருந்தது. கேரியரில் இரண்டு மூட்டை, கூடையில் ஒன்று.

"இது யாரோட சைக்கிள்?"

"நம்மளோடதுதான். கடைக்காரர் வந்திருந்தார். 'வண்டியோட வர்ற சாமான்மா, எங்கிட்ட இருந்தா மனசு கேக்கல'ன்னு அவரே மாட்டிக் குடுத்துட்டுப் போனார். நல்ல மனுஷன்." அவள் குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. "கம்பெனில மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க போலிருக்கு."

அவர் பெருமூச்சோடு போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"மூட்டை..."

"நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேனே. தள்ளுங்க."

குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். இரண்டு எட்டு ஓடினாள். ஏறி உட்கார்ந்து, ஒரு வட்டம் அடித்து அவர் எதிரே வந்து கால் ஊன்றினாள்.

"உனக்கு சைக்கிள் விடத் தெரியுமா?"

"ஆறு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அதுலதானே போனேன். நீங்க கேட்டதே இல்லியே." மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டாள். "சீருடைக் கடையில தினம் ரெண்டு நடை வேணுங்கறாங்க. இனிமே காலையிலயும் வண்டி எனக்கு வேணும்."

"அப்ப நான் அச்சகத்துக்கு?"

"தொப்பைக்கு நடக்கறதைவிட நல்லது என்ன இருக்கு? அப்புறம், நான் வெளிய போயிட்டா இங்க வேலை நின்னுடும். மெஷினுக்குப் பக்கத்துல பத்து சட்டை வெச்சிருக்கேன். பட்டன் ஓட்டைக்குக் காஜா எல்லாம் நானே எடுத்துட்டேன். நீங்க பட்டன் மட்டும் தெச்சா போதும். உக்காந்து செய்யற வேலை. தூக்கவே வேணாம்."

போய்விட்டாள். திருப்பத்தில் பின்னல் பறக்க அவள் வளைந்த அழகைப் பார்த்து, ஒரு கணம் கோபம்கூட மறந்துபோனது. அப்புறம் உள்ளே போனார்.

ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். மூன்றாவது சட்டைக்குள் ஊசி விரலில் ஐந்து முறை இறங்கிவிட்டது. தெருமுனையிலிருந்து ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே கோணலாகத் தைத்துவிட்டால் என்ன? இந்த வேலைக்கு நாம் லாயக்கில்லை என்று அவளே விட்டுவிடுவாள். ஒன்றைக் கோணலாகத் தைத்தார். பார்த்தார். பிழைதிருத்திப் பழகிய கண்ணை உறுத்தியது. பிரித்து நேராகத் தைத்தார். இன்னொன்றைக் கோணலாக்கினார். அதையும் பிரித்தார். பிறகு அந்த முயற்சியையே விட்டுவிட்டார்.

இருட்டுவதற்குள் முகம் சிவந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அவள் வந்து சேர்ந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பட்டன்களை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அவர் ஊசி குத்திய விரலை வாயில் வைத்தபடி, திட்டு விழாதா என்று ஏங்கிப்போய் அவள் முகத்தையே பார்த்தார்.

"அடேயப்பா, என்னைவிட நல்லா வந்திருக்குங்க!" என்றாள் அவள். "நாளையிலேருந்து காஜாவும் நீங்களே எடுத்துடுங்க."