திகிலும் ஒரு சொம்புத் தண்ணீரும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நான் சொல்லாவிட்டால் என் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். மற்றவர்களுக்குப் பயம் வயிற்றில் கிளம்பி மூளைக்குப் போகும் என்கிறார்கள். எனக்கு அது பாதி வழியில் தொண்டையிலேயே இறங்கிக்கொள்ளும். (பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன்பே ரயில்வே கேட்டில் குதித்து இறங்குகிற ஆட்களைப் போல.) அதற்குப் பிறகு பேச்சு வெளியே வராது, தண்ணீர் உள்ளே போகாது.

இந்த வியாதிக்குத் தமிழில் பெயருக்குக் குறைவில்லை. அச்சம் என்று ஒன்று உண்டு. அது பரீட்சைத் தாளோடு சரி. பீதி என்பது செய்தித்தாளில் பொதுமக்களுக்கு மொத்தமாக வருவது, தனி ஆளுக்குக் கிடைக்காது. டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கும்போது செக்கிங் ஏறினால் வருவது கிலி. என்னுடையது திகில். நடுமுதுகில் யாரோ ஐஸ் கட்டியை வைத்த மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் வருவது.

ஆனால் எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு வேறு முகம். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. (கரிசல் மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் புரண்டு கறுத்துப்போன தெலுங்கு, ஆந்திராக்காரர் கேட்டால் எந்த நாட்டுப் பாஷை என்று விசாரிப்பார்.) எங்கள் 'திகுலு'வில் பேயும் இல்லை, அலறலும் இல்லை. அம்மா வெளியூர் போன வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குத் 'திகுலு' பிடித்துவிட்டது என்பார்கள். சத்தமில்லாமல் உள்ளுக்குள் கிடந்து அரிக்கிற கவலை அது, ஏக்கம்.

அகராதி புரட்டுவதே பொழுதுபோக்காக உள்ள நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். தமிழில் திடீர்ப் பயம், கன்னடத்திலும் பயம், தெலுங்குக்குப் போனால் கவலையும் துயரமும் சேர்ந்துகொள்கிறது என்றார். எது எதிலிருந்து வந்தது என்றேன். "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. மூத்தது யாருன்னு பஞ்சாயத்து வச்சா அடிதடியாயிரும்" என்று அகராதியை மூடிவிட்டார். சட்டென்று அடிக்கிற பயமும் வருஷக்கணக்காய்க் கிடக்கிற ஏக்கமும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடித்தனம் பண்ணும் என்பது அவருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. ஒரே வாசற்படியில் இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கோவில்பட்டியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆனால் இருதயம் ரொம்பப் பலவீனம் என்றார் டாக்டர். நைனா கண்ணைத் திறந்ததும் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான். தங்கச்சியைப் பார்க்க வேண்டும்.

அதில்தான் சிக்கல். பசுவந்தனைப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அத்தை, நைனாவோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. என் அக்காவைத் தன் மகனுக்குத்தான் கொடுப்பார்கள் என்று அத்தை நம்பியிருந்தாள். நைனா சாத்தூரில் வெளி மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நிச்சயத்தன்று சபை நடுவே எழுந்த அத்தை, இனி இந்த வாசலை மிதித்தால் அது என் அண்ணன் சாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். நைனாவும் இறங்கிப் போகவில்லை. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் தங்கச்சிக்கு என்று ஒரு சேலை எடுப்பார். கொடுத்தனுப்ப மாட்டார், பெட்டியில் வைத்துவிடுவார். அதன் மேல் அடுத்த வருஷச் சேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். திகுலு என்றால் என்ன என்று எனக்கு அகராதி தேவைப்படாததற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

அத்தையைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். வேறு ஆள் இல்லை. அம்மா ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து பாடம் நடத்தினாள்.

"ஏலே, போன உடனே உள்ள போயி உக்காரு. தண்ணி குடுப்பாவ, வாங்கிக் குடி. பொறவு பக்குவமா பேச்ச எடு. வாசல்ல நின்னுக்கிட்டு எதையும் உளறிராத."

இதன் அர்த்தம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சாவுச் செய்தி சொல்லப் போகிறவன் வீட்டுக்குள் காலை வைக்க மாட்டான். தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டான். வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே, தண்ணீரை மறுத்ததிலேயே பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

எல்லாம் தெரிந்துதான் கிளம்பினேன். பக்கத்துக் கடை காதர் பாய் தன் மொபெட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போதே எச்சரித்தார்: ஸ்டாண்டு உடைந்துவிட்டது, சாய்த்து வைக்க முடியாது, எஞ்சினை நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்புவது அது மனசு வைத்தால்தான். "வண்டி கழுத மாதிரி தம்பி. நிப்பாட்டாம போ, நிப்பாட்டாம வா."

வழியெல்லாம் கரிசல் புழுதி. கண் இரண்டும் எரிந்து நீர் வழிந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். நைனா இந்நேரம் போய்விட்டிருந்தால் என்ற ஒரு யோசனை கயத்தாறு வெயில் மாதிரி மண்டையில் இறங்கியது. அத்தை வீட்டு வாசலுக்கு வரும்போது எனக்கு முழுத் திகில்.

நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். பேசாத அண்ணன் வீட்டிலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான். கண் சிவந்து கன்னமெல்லாம் ஈரம். துண்டு கக்கத்தில். வண்டியை நிறுத்தவில்லை, எஞ்சின் ஓட, அதைப் பிடித்தபடி தெருவிலேயே நிற்கிறான். (சாய்த்து வைக்க முடியாதே. கழுதை.) அத்தை வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவள் தண்ணீர் கொடுக்கவில்லை, கேள்வி கேட்டாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு கையில் வண்டி. இன்னொரு கையால் வேண்டாம் என்று ஆட்டிவிட்டேன்.

சொம்பு கீழே விழுந்தது.

"அத்த... நைனா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்த மாமா, "எப்பலே?" என்றார். நெஞ்சுவலி வந்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, காலையில், காப்பி குடிக்கும்போது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அத்தை முடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு தரையில் விழுந்தாள். தெருப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நான் 'இல்லை, இல்லை' என்று கத்தினேன்; மொபெட் என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. ஒரு வீரன் என்ன செய்திருப்பான்? வண்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி உண்மையைச் சொல்லியிருப்பான். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கோவில்பட்டியைப் பார்க்க விட்டேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை. முறையில் அந்த ஒரு குறை பாக்கியிருந்தது, அதையும் நிறைவேற்றிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா, அத்தை என்ன சொன்னாள் என்று கேட்டாள். வருகிறாள் என்றேன். பொய் இல்லையே.

சாயங்காலம் ஒரு வேன் நிறைய ஊரே வந்து இறங்கியது. முதலில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், பூட்டிக் கிடந்திருக்கிறது. காதர் பாய், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றதும், உடலை இன்னும் கொடுக்கவில்லை போல என்று நினைத்து இங்கே வந்துவிட்டார்கள். கையில் மாலை, கோடித் துணி எல்லாம் இருந்தன. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டேன்.

நைனா கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை நேரே வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்து ஒப்பாரியை ஆரம்பித்தாள். மழை பெய்து வண்டிப்பாதையெல்லாம் சேறாய்க் கிடந்த நாளில், பள்ளிக்கூடத்துக்குத் தன்னைத் தோளில் தூக்கிப் போனதைச் சொன்னாள். அண்ணன் தன் பங்குக் கருப்பட்டியையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் பசிக்கவில்லை என்று சொன்னதைச் சொன்னாள். கல்யாணமாகிப் போகும்போது வண்டிக்குப் பின்னாலேயே ஊர் எல்லைவரை நடந்து வந்ததைச் சொன்னாள். கோபத்தில் ஒரு சொல் சொன்னேன், அதை மெய்யாக்கிவிட்டுப் போய்விட்டாயே, என் வீம்பு உன்னைக் கொன்றுவிட்டதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

நைனா எப்போதோ விழித்துவிட்டார். நான் பார்த்தேன். அசையவில்லை. தங்கச்சி பாடுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். தலையணை நனைந்துகொண்டிருந்தது. பாட்டு ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, அந்தக் கருப்பட்டி எனக்கு மறந்தே போச்சு. இன்னொரு தடவ சொல்லு."

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டாம். அத்தை மாலையாலேயே அவரை அடித்தாள், நர்ஸ் ஓடிவந்தாள், மாமா என் காதைப் பிடித்துக் கட்டிலுக்குப் பின்னாலிருந்து வெளியே இழுத்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிவரச் சொல்லி, அம்மா சேலைகளை ஒவ்வொன்றாய் அத்தை மடியில் வைத்தாள். அத்தை அவற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள், ஒன்றையும் பிரிக்கவில்லை.

நைனாவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் சில நாள் அத்தை தங்கியிருந்தாள். கிளம்பும்போது எனக்கு ஒரு சட்டம் போட்டாள். "இனிம எது ஒண்ணுன்னாலும் போன்ல சொல்லக் கூடாது. நீதான் வரணும். வந்த உடனே தண்ணியக் குடிச்சிரணும். அப்பத்தான் எனக்கு உசுரு வரும்." அதிலிருந்து அவள் வீட்டுக்கு எப்போது போனாலும் வாசலிலேயே சொம்பு வரும். நான் மடக் மடக்கென்று குடித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் 'வா' என்பாள். ஊரே சிரிக்கும்.

அடுத்த பருத்தி எடுப்பில் நைனா தூக்கத்திலேயே போய்விட்டார்.

மறுபடியும் நான்தான் போனேன். அதே மொபெட், இந்தத் தடவை ஸ்டாண்டு இருந்தது, நல்லபடியாக நிறுத்தினேன். வழியெல்லாம் ஒன்றை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்: முறையைத் தூக்கிப்போடு, தண்ணீரைக் குடித்துவிடு, உள்ளே போய் உட்கார், பிறகு பக்குவமாய்ச் சொல். அம்மா அன்று சொன்ன பாடம். அத்தை சிரித்துக்கொண்டே சொம்போடு வந்தாள். நைனா எடுத்த சேலைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். வாங்கினேன். வாயில் ஊற்றினேன். இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. மறுபடி ஊற்றினேன். அதுவும் வழிந்தது.

அத்தை சொம்பை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"விட்டுருலே," என்றாள்.

அழவில்லை. முடியை அவிழ்க்கவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். சாவு வீட்டிலும் அவள் பாடவில்லை. மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவள் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார்கள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். யாரோ கேட்டதற்கு, "எல்லாத்தையும் அன்னைக்கே பாடிட்டேன். அண்ணனும் கேட்டுட்டாவ" என்றாள்.

இப்போது சாவுச் செய்தி செல்போனில் படத்தோடு வந்துவிடுகிறது. யாரும் வண்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. ஆனாலும் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு நான் போனாலும் முதலில் வருவது சொம்புதான். பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து என் தொண்டைக்குழியையே பார்ப்பார்கள். ஒரு மடக்கு உள்ளே போனதும், "எறங்கிட்டு, எறங்கிட்டு" என்று கூச்சல் போடுவார்கள். நானும் பெரிய வித்தை காட்டியவன் போலக் குனிந்து கும்பிடுவேன்.

அத்தை இருக்கிறாள். கண் சரியாகத் தெரிவதில்லை. நான் போகும்போது அவள் மட்டும் சிரிப்பதில்லை. சொம்பு என் வாய்க்குப் போகிறவரை முகத்தை என் பக்கம் திருப்பி, தண்ணீர் இறங்குகிற சத்தத்துக்குக் காத்திருப்பாள். கேட்டதும் ஒரு மூச்சு விட்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்காருவாள்.