எதிர் வீட்டு நட்சத்திரம்

ரொட்டி அடுப்பிலிருந்து சுடச்சுட வந்த தட்டின் துணியை விலக்கிப் பார்த்த ஹாஜி தையிப், பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார்.

புறாக்கறியும் பாதாமும் வைத்து மடித்த பஸ்தீலாதான். ஆனால் அதன் மேல் நட்சத்திரம் இருந்தது.

ஃபெஸ் நகரில் தெருவுக்கெல்லாம் பொதுவான அடுப்பு ஒன்றுதான். எந்தப் பண்டம் எந்த வீட்டுடையது என்று தெரிய, மேலே மாவால் ஓர் அடையாளம் ஒட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். தையிப் வீட்டு அடையாளம் கட்டம். நட்சத்திரமோ எதிர் வீட்டு ஹாஜி முஃபத்தலுடையது. தாத்தாக்கள் காலத்திலிருந்தே இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அடுப்புக்குப் புதுசா வந்திருக்கானே ஜிலாலி, அவன்தான் மாத்திட்டான்," என்றாள் மனைவி ருக்கையா. "எதிர்லதானே, போய் மாத்திட்டு வாங்க ஹாஜி."

"அந்த வாசப்படிய நான் மிதிக்கவா?"

"அவங்க வீட்டுக்கும் இன்னிக்குப் பொண்ணு பாக்க விருந்தாளி வர்றாங்களாம்."

"நம்மளப் பாத்துதான் கூப்பிட்டிருப்பான்."

மகள் ஹஸ்னாவைப் பெண் பார்க்கக் காஸாபிளாங்காவிலிருந்து வருகிறார்கள். முன்பின் பார்த்தறியாத மனிதர்கள். பஸ்தீலாவை வைத்தே குடும்பத்தை எடைபோடுகிறவர்கள் என்று தரகுக்காரி எச்சரித்திருந்தாள். அவர்கள் முன்னால் முஃபத்தலின் நட்சத்திரமா?

தையிப் கத்தியை எடுத்து நட்சத்திரத்தைப் பெயர்த்தார். அது வந்துவிட்டது. பொன்னிற மேலோட்டில், அது இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது.

"இப்பத்தான் பளிச்சுன்னு தெரியுது," என்றாள் ருக்கையா.

சர்க்கரைத் தூளை அள்ளிக் கொட்டி மறைத்தார். அதன்மேல் பட்டைத் தூளால் கட்டம் வரைந்தார். கோடுகள் கோணலாக விழுந்தன.

"ஜெயில் ஜன்னல் மாதிரி இருக்கு வாப்பா," என்றாள் ஹஸ்னா.

அதற்குள் கதவு தட்டப்பட்டது.

"சந்துக்குள்ள சுத்திச் சுத்தி, கடைசியில அடுப்புல விசாரிச்சோம் ஹாஜி. அந்த ஆளுதான் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாரு," என்றபடி மாப்பிள்ளையின் தகப்பனார் உள்ளே வந்தார். வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

எங்கள் ஊர் வீடுகள் தெருவுக்கு வெறும் மண் சுவரைத்தான் காட்டும். உள்ளே வந்தவருக்குத்தான் நீரூற்றும், சுவரெங்கும் ஓடும் நட்சத்திர ஓடுகளும், தேவதாருவில் செதுக்கிய கூரையும்.

"எங்க ஊர்ல கோடி கொட்டினாலும் இப்படி ஒரு கூரை வராது."

"கொட்டி வர்றதில்ல இது," என்றார் தையிப். முதுகு தானாக நிமிர்ந்தது.

ஹஸ்னா தேநீர்க் குடுவையைத் தலை உயரத்துக்குத் தூக்கி ஊற்றினாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. மாப்பிள்ளையின் தாயார் லல்லா ஷாமா அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

பஸ்தீலா வந்தது. லல்லா ஷாமாவின் புருவம் சுருங்கியது.

"நட்சத்திரம் எங்க? உங்க வீட்டுதுன்னா நட்சத்திரம் இருக்கும்னு சொன்னாங்களே. கட்டம் போடுறது எதிர் வீடாமே? கறி வைக்கிறதுல கஞ்சனுங்களாம்."

ருக்கையாவுக்குப் புரையேறியது.

தரகுக்காரி குழப்பியிருக்கிறாள் என்று தையிப்புக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் மகளின் சம்பந்தம் போய்விடும். மெதுவாகக் கட்டத்தை ஊதிக் கலைத்தார். தன் கையாலேயே, பட்டைத் தூளால் நட்சத்திரம் வரைந்தார்.

"அவசரத்துல விட்டுப்போச்சு," என்றார்.

"அப்ப எதிர் வீடு?"

"கொஞ்சம்… கை இறுக்கம்தான்."

லல்லா ஷாமா ஒரு வாய் உண்டு கண்ணை மூடினாள். "இந்தக் கைப்பக்குவம் உள்ள வீட்டுல பெண் எடுக்க யோசிக்கவே வேணாம்."

எல்லாரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். ஓதியாகிவிட்டால் எங்கள் ஊரில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

தட்டைத் திருப்பி வாங்க ஜிலாலி வந்தபோது, தையிப் அவனை நடைப் பக்கம் இழுத்துப் போய்ப் பல்லைக் கடித்தார். "கண்ணு தெரியலையா உனக்கு? அந்த வீட்டு பஸ்தீலாவ இங்க கொண்டாந்து குடுத்திருக்கியே."

ஜிலாலி திகைத்தான்.

"நான் ஒண்ணையும் மாத்தலையே. கட்டம் போட்டதையும் அந்த வீட்டு விருந்தாளிங்களையும் எதிர்ல ஹாஜி தையிப் வீட்டுல விட்டேன். நட்சத்திரத்தையும் உங்க விருந்தாளிங்களையும் பத்திரமா இங்க கொண்டாந்து சேத்தேன், ஹாஜி முஃபத்தல்."