தவளையின் கட்டுரையைத் திருத்திய எருமைக்கன்று

ஒரு காட்டில் மழை பொய்த்துப்போய், ஒரே ஒரு குளம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் கரையோரம் தவளைக் குடும்பத்தின் முட்டைகள் மிதந்தன. எருமைகள் இறங்கிப் புரளும்போதெல்லாம் கொஞ்சம் முட்டைகள் நசுங்கின.

அந்தச் சமயத்தில் காட்டுப் பள்ளியில் கட்டுரைப் போட்டி வந்தது. பரிசுக் கட்டுரையைச் சிங்கராஜாவின் முன்னால் வாசிப்பார்கள். வீட்டின் மூத்த பெண்ணான குட்டித் தவளை ராவெல்லாம் யோசித்து எழுதியது: "எருமைகள் எங்கள் முட்டைகளை மிதிக்கிறது. அரசே, தடுங்கள்."

கரடி டீச்சருக்குக் கண் மங்கல். அதனால் ஒருவர் கட்டுரையைப் பக்கத்தில் உட்காருபவர் திருத்துவது அந்த வகுப்பின் வழக்கம். தவளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எருமைக்கன்று.

"ஏய், என்னடி எழுதியிருக்கே?" என்றது கன்று.

தவளை ஒரு தாவு பின்னால் போனது. "கோபமா?"

"எனக்கெதுக்குக் கோபம்? எருமைகள்னா பன்மை. 'மிதிக்கின்றன'ன்னு வரணும்."

"அட, ஆமா!" தவளைக்கு உயிர் வந்தது.

"இப்ப சரி. ஆனா காதுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமா இல்ல? 'வருகின்றன'ன்னு போட்டா எவ்வளவு மென்மையா இருக்கு!"

"அப்ப முட்டை?"

"வருகின்றனன்னு போட்டப்புறம் முட்டைக்கு அங்க என்ன வேலை? 'குளத்துக்கு'ன்னு போடு. அப்புறம், ராஜாவைப் பார்த்துத் 'தடுங்கள்'னா சொல்வாங்க? 'மகிழுங்கள்'னு சொல்லு."

தவளை தயங்கியது. கன்று தன் நோட்டை நீட்டியது. "என் கட்டுரையை நீ திருத்தினப்ப நான் மறுத்துப் பேசினேனா?"

மறுத்துப் பேச அதில் ஒன்றுமில்லை. பயத்தில் தவளை 'மிக அருமை' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இப்போது தலையாட்டியது.

போட்டியன்று கரடி டீச்சர் நோட்டை மூக்கோடு ஒட்டிப் பிடித்து உரக்க வாசித்தார்: "எருமைகள் எங்கள் குளத்துக்கு வருகின்றன. அரசே, மகிழுங்கள்."

சிங்கராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன விருந்தோம்பல்! ஒரு தப்புகூட இல்லையே! பக்கத்துக் காட்டு எருமைகளையும் இன்றே அனுப்பிவையுங்கள்."

தவளை கழுத்தில் பதக்கத்தோடு குளத்துக்குத் தாவியோடி வந்தது.

"முட்டைகளைப் பத்திச் சொன்னியாடி?" என்றது அம்மா.

"முதல் பரிசும்மா," என்றது தவளை.

கரை அதிரத் தொடங்கியது. அம்மாவும் மகளும் மிச்சமிருந்த முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டார்கள். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

நீதி: யார்மேல் புகார் எழுதுகிறீர்களோ, அவரிடமே திருத்தக் கொடுங்கள். ஒரு பிழையும் மிஞ்சாது.