கல்லுத்துன்னி லாரியில் ஏறிய நாள்

பாறையைப் பல்லால் படித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கல்லுத்துன்னி!

ஆந்திரா தனி மாநிலமாகி, சித்தூர்ப் பக்கம் எந்த ஊர் யாருக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம். திருப்பதியில் பூமியைத் துளைத்துப் பார்க்கும் முகாமொன்றில் நான் டைப்பிஸ்ட். அவர் பாறை ஆராய்ச்சியாளர். துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கறுப்புக் களிப்பாறையை ஆழ வரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்குவோம். அவர் சில்லு உடைத்து வாயில் போடுவார். நறநறத்தால் மணல் கலந்திருக்கிறது. வழுக்கினால் சுத்தக் களிமண்.

"இன்னா சார், ருசியா கீதா?" என்பான் சமையல்காரன்.

"உன் உப்புமாவுக்கு இது எவ்வளவோ தேவல."

எல்லை முடிவானது. நாங்கள் துளை போட்டிருந்த எல்லையோரக் கிராமம் மெட்ராஸ் பக்கம் போயிற்று. பாறையில் இரண்டு மாநிலமும் பங்கு கேட்டன. எங்கள் ஆந்திரா மேலதிகாரி ஒருவர் ஜீப்பில், பின்னால் ஒரு லாரியோடு, வந்து இறங்கினார்.

"மேல் பாதிப் பெட்டிங்க மெட்ராசுக்கு, கீழ் பாதி நமக்கு. ஏத்துங்கய்யா!"

பெட்டிகள் ஏறின. பின்னாலேயே கல்லுத்துன்னியும் ஏறி, அவற்றின் மேல் நீட்டிப் படுத்துவிட்டார்.

"மேல மணல் ஜாஸ்தி. கீழ போகப் போக கரியும் கந்தகமும். ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் இது எப்படி உண்டான பாறைன்னு தெரியும். தலைய அவங்களுக்கும் கால நமக்கும் வெட்டுவீங்களா?"

"எறங்குய்யா! சஸ்பெண்ட் பண்ணிடுவேன்!"

"பண்ணுங்க சார். படுத்துக்கினே வாங்கிக்கறேன்."

வெயில் ஏறியது. டிரைவர் டீக்கடைக்குப் போய்விட்டார். அதிகாரியின் கழுத்துப்பட்டை நனைந்து தொங்கியது.

"சரி, வேற என்னதான் வழி?"

"ஒவ்வொரு உருளையையும் நீளவாக்குல அறுத்தா, ரெண்டு பேருக்கும் முழுசா கெடைக்கும்."

"எப்ப முடியறது அது?"

"ரம்பத்தோட அந்தப் பக்கம் நீங்க புடிச்சா சீக்கிரம் முடியும்."

நான் டைப்ரைட்டரை மூடிவிட்டு வந்து உருளையைப் பிடித்தேன். சமையல்காரனும் கரண்டியை வைத்துவிட்டு வந்தான். ஜீப்பில் முறைத்துக்கொண்டிருந்த அதிகாரி கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டார். எல்லோரும் கரிபூசியதுபோல் கறுத்துப்போனோம். இரண்டு மாநிலத்துக்கும் முழுப் பாறை போயிற்று.

கல்லுத்துன்னிக்கு சஸ்பென்ஷன் வரவில்லை, எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் தங்கமான மனிதர், யாரோடும் சண்டையே போடமாட்டார். அந்த அமைதியில் ஒரே வாரத்தில் எங்களில் ஒருவருக்கும் முகாமில் இருப்புக்கொள்ளவில்லை.