ஏழாவது கோபுரத்துக் கைதி

‘சேமித்த ஆட்டம் எதுவும் இல்லை’ என்றது திரை. நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரை தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

காணாமல் போனது அவருடைய ஆட்டமாக இருந்தால் பரவாயில்லை. அது மாமனாருடையது.

மாமனார் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. ஒரு கைதியையும் தப்பவிடாதவர். திருமணமான நாளிலிருந்து அவர் மருமகனோடு நேரடியாகப் பேசியதில்லை. ஒரே மின்விசிறிக்கு அடியில் இருவரும் உட்கார்ந்திருந்தாலும் மகளைக் கூப்பிட்டு, “உன் புருஷனை அந்த ஃபேனைக் குறைக்கச் சொல்லும்மா” என்பார்.

ஓய்வுபெற்று இந்த வீட்டுக்கே குடிவந்த பிறகு நிலைமை முற்றியது. காலையில் வீட்டிலுள்ளவர்களை எண்ணினார். சமையலறையில் கரண்டிகளை எண்ணினார். மாமியார் பால்கனிப் பக்கம் திரும்பினால், “எங்க? எவ்வளவு நேரம்?” என்ற கேள்வி பின்னாலேயே போயிற்று.

அந்த இறுக்கம் தாங்காமல்தான், பழைய வீடியோ கேம்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டரைத் திறந்து, தம் சேகரிப்பிலிருந்து ஒன்றை நூலகர் அவருக்குக் காட்டினார். சதுரம் சதுரமான ஒரு வீரன், ஏழு கோபுரங்கள், ஏழாவதன் உச்சியில் அடைபட்ட ஓர் இளவரசி. ஆயுள் முழுக்க ஆட்களை அடைத்தே வைத்தவர், ஒரு பெண்ணை விடுவிப்பதற்காக ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். “இந்தச் சுவரை எப்படித் தாண்டுறது, மாப்பிள்ளை?” என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ‘மாப்பிள்ளை’க்குத்தான் இப்போது ஆபத்து.

இத்தனைக்கும் கணினியை ஒழுங்குபடுத்தும் வேலையை ஏவியவர் மாமனாரேதான். இதற்கு முன் இரண்டு முறை, ஆறாவது கோபுரத்தைத் தாண்டிய மறுநாளே அவருடைய ஆட்டம் மாயமாகியிருந்தது. “மிஷின் தின்னுடுச்சு மாப்பிள்ளை. உள்ள எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கு. வகை பிரிச்சு அடைச்சா ஏன் காணாம போகுது?” என்றார். நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருப்பவரிடம் வகை பிரிக்கச் சொன்னால் கேட்கவா வேண்டும்?

நேற்று மூன்றாம் முறையாக ஆறாவது கோபுரம் முடிந்தது. இன்று மாமனார் பல் பிடுங்கிக்கொள்ள மகளோடு போயிருந்தார். நூலகர் காலையிலேயே கணினி முன் உட்கார்ந்துவிட்டார்.

அடைப்புக்குறியும் எண்ணுமாக அலங்கோலமாக இருந்த கோப்புகளுக்கு அழகிய தமிழ்ப் பெயர்கள் சூட்டினார். பந்தயம், சண்டை, கோபுரம் என்று தனித்தனியே பிரித்தார். ஒரே பெயரில் இரண்டிரண்டு கோப்புகள் கிடந்தன. ஒன்று பெரியது, ஒன்று பொடியது. பொடிகளெல்லாம் நகல் என்று தீர்மானித்து நீக்கினார்.

நடுவில் மாமியார் இருமுறை தேநீர் கொண்டுவந்தார். “இன்னும் முடியலையா மாப்பிள்ளை? கொஞ்சம் எழுந்து காலாற நடந்துட்டு வாங்களேன்” என்று பரிவோடு சொன்னார். நூலகர் நகரவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று கோபுர ஆட்டத்தைத் திறந்தபோதுதான் திரை அப்படிச் சொன்னது.

கணினி விவரம் தெரிந்த நண்பரை அழைத்தார்.

“பொடி ஃபைலையா தூக்கினீங்க? ஆட்டத்தை எங்க நிறுத்தினோம்கிறதே அதுலதாங்க இருக்கும். பெரிய ஃபைலும் அதுவும் ஒரே பேர்ல இருந்தாத்தான் மிஷின் அடையாளம் கண்டுபிடிக்கும்.”

“பேரையும் மாத்திட்டேன்.”

“சரி, பதறாதீங்க. குப்பைத்தொட்டியில இருக்கும்.”

“அதைக் கழுவிக் கவுத்து வச்சிட்டேன்.”

நண்பர் குரலைத் தாழ்த்தினார். “உங்க மாமா ஜெயில்லதானே இருந்தார்?”

“அதிகாரியா இருந்தார்.”

“அதான் கேட்டேன். ஒண்ணு பண்ணுங்க. யாராவது விளையாடிச் சேமிச்ச ஃபைல் இணையத்துல கிடைக்கும். அதை இறக்கிப் போட்டுடுங்க.”

கிடைத்தது. ஏழாவது கோபுரமும் வந்தது. ஆனால் ‘அதிகாரி’ என்றிருந்த வீரனின் பெயர் ‘வாத்துமூஞ்சி’ என்றிருந்தது. போதாக்குறைக்கு உச்சியறை திறந்து கிடந்தது. இளவரசி எப்போதோ போய்விட்டிருந்தாள். சிறை அதிகாரியிடம் காலியான அறையைக் காட்டும் துணிவு நூலகருக்கு இல்லை. அதையும் அழித்தார்.

கைபேசி ஒலித்தது. மனைவி.

“பல்லை எடுத்தாச்சுங்க. வாய் நிறையப் பஞ்சு. சீக்கிரம் போகலாம்னு சைகை காட்டிட்டே இருக்கார். இன்னைக்கு அந்தப் பொண்ணை வெளியே எடுத்துடுவாராம்.”

“மெதுவாவே வாங்க. ரோட்டுல கூட்டமா இருக்கும்.”

“காலியா கிடக்கு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? அப்பா மிஷின்ல கை வச்சீங்களா?”

“துடைச்சேன்.”

“எதை?”

இணைப்பைத் துண்டித்தார்.

இனி ஒரே வழி, தாமே ஆடி ஆறு கோபுரங்களையும் கடப்பது. வீரனுக்குப் பெயர் கேட்டது. மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே சொல்லான ‘மாப்பிள்ளை’யை விரல்கள் தாமாகவே அடித்துவிட்டன. மாப்பிள்ளை முதல் பள்ளத்திலேயே விழுந்தான். எழுந்தான். அதே பள்ளத்தில் மறுபடியும் விழுந்தான். வாசல் மணி அடித்த அதிர்ச்சியில் நூலகர் எதையோ அழுத்த, ‘சேமிக்கப்பட்டது’ என்றது திரை.

வெறுமையாக இருந்தாலாவது மிஷின் தின்றது எனலாம். இப்போது மிஷின் தின்றுவிட்டு எச்சிலில் பெயரும் எழுதி வைத்துவிட்டது.

மாமனார் வீங்கிய கன்னத்தோடு நேராகக் கணினி அறைக்குள் போனார். நூலகர் சுவரோரமாக நழுவிச் சமையலறைக்குள் புகுந்தார்.

டப்பாக்கள் மூடியில்லாமல் கிடந்தன. கரண்டிகள் இஷ்டப்பட்ட இடத்தில் இருந்தன. மாமியார் ஸ்டூலில் கால் நீட்டி வார இதழ் படித்துக்கொண்டிருந்தாலும் முகத்தில் என்னவோ கவலை தெரிந்தது.

“அத்தை, தயவுசெஞ்சு நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். மாமாவோட ஆட்டம் என் கையால அழிஞ்சு போச்சு.”

மாமியார் இதழை மூடினார். “முழுசாவா?”

“முழுசா.”

“தேடினாலும் கிடைக்காதே?”

“கிடைக்காது, அத்தை.”

உள்ளறையிலிருந்து நாற்காலி நகரும் ஓசை வந்தது. ‘உன் புருஷன்’ என்று கூப்பாடு எழுவதை எதிர்பார்த்து நூலகர் கண்களை மூடிக்கொண்டார்.

பஞ்சடைத்த குரல் வந்தது. “மாப்ளே... மறுபடியும் தின்னுடுச்சு. அது கிடக்கட்டும். என்ன நீங்க, முதல் பள்ளத்தையே தாண்டலையா? வாங்க, சொல்லித் தரேன்.”

நூலகருக்கு உயிர் வந்தது. போகத் திரும்பியவரின் சட்டைக் கையை மாமியார் மெல்லப் பிடித்தார்.

“ரொம்ப நன்றிங்க மாப்பிள்ளை. நேத்தே அழிச்சிருக்கணும், அசந்து தூங்கிட்டேன். இன்னைக்கு ரெண்டு தடவை வந்து பார்த்தா நீங்க எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டீங்க.”

“அத்தை, அப்ப முன்னாடி ரெண்டு தடவை...”

“அழிக்கட்டுமான்னு அது கேட்டுச்சு, ஆமான்னேன்.” மாமியார் மறுபடியும் ஸ்டூலில் காலை நீட்டி, இதழில் விட்ட இடத்தைத் தேடினார். “வேற என்ன பண்றது? அந்தப் பொண்ணு வெளியே வந்துட்டா, மறுநாளே நான் உள்ளே போகணும்.”