அவசரக்குடுக்கைத் தோல்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம், என் தோலைத் தவிர. அங்கே நீயும் மாமாவும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள். என்மேல் உனக்குள்ள கோபமும் குறையாமல் நலமாகவே இருக்கும் என நம்புகிறேன்.

போன வாரம் உன் வீட்டில் நான் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நீ குழந்தையை நீட்டினாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். "என் பொண்ணு மேல உனக்கு என்னடா அருவருப்பு?" என்று கேட்டாய். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் இப்போதுதான் வருகிறது.

எனக்கு சொரியாசிஸ். தலையில், முழங்கையில், இப்போது உள்ளங்கையிலும். வேலைக்கு வந்த இடத்தில் தொடங்கியது; உனக்குச் சொல்லவில்லை. "மத்தவங்க தோல் ஒரு மாசத்துல வளர்ந்து உதிர்ற வேலைய உங்க தோல் சில நாள்ல முடிச்சிடுது. அவசரக்குடுக்கை," என்றார் டாக்டர். யாருக்கும் ஒட்டாதாம். முழுக்கப் போகவும் போகாதாம், அடக்கி வைக்கலாமாம். குளித்த ஈரத்தோடு கிரீம் தடவ வேண்டும், கொதிக்கிற வெந்நீர் கூடாது, சொறியக் கூடாது, கவலைப்படக் கூடாது. கடைசியில் சொன்னதற்கு மட்டும் களிம்பு எழுதித் தரவில்லை.

நான் வேலை பார்ப்பதோ கறுப்புக் கோட்டு தைக்கும் கடையில். மத்தியானம் கண்ணாடி முன்னால் வெயில் சாய்ந்து விழும், நான் அளவு நாடாவோடு குனிவேன், என் தலையிலிருந்து ஒரு வெள்ளைச் செதில் எழுந்து, அவசரமே இல்லாமல், வெளிச்சத்தில் மிதந்து மிதந்து ஒரு வக்கீலின் தோளில் போய் உட்காரும், நான் பதறிப்போய் பிரஷ்ஷை எடுத்துத் தட்டுவேன், இன்னொன்று உட்காரும், அதையும் தட்டுவேன், அவர் என்னடா என்றால் இப்படி ஒரு மரியாதையை எங்கேயும் பார்த்ததில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போகிறார், முதலாளி உடனே எல்லாரும் தட்டணும் என்று உத்தரவு போட்டுவிட்டார். பாவம், தலையில் ஒன்றுமே இல்லாத இரண்டு பேர் இப்போது தூசியே இல்லாத தோள்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருமுறை எல்லாம் மறைந்தது. முழங்கை வேறு யாருடையதோ போல இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று களிம்பைக் குப்பையில் போட்டேன். உனக்குக் குழந்தை பிறந்த சமயம், பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது.

கனவில் அவளைத் தூக்குகிறேன். மெதுவாக உதிர்கிறேன். அவள் ஒவ்வொன்றாகக் கைநீட்டிப் பிடிக்கிறாள், சிரிக்கிறாள். விழிக்கும்போது விரிப்பில் நான் கொஞ்சம் கிடக்கிறேன். தட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

அருவருப்பு அவள்மேல் இல்லை, அக்கா. ஒட்டாது என்று டாக்டர் சொன்னது மூளைக்குப் போய்விட்டது. கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஆகவே முழுக்கச் சரியான பிறகுதான் வருவேன். வற்புறுத்தாதே.

மாமாவுக்கு என் வணக்கம். என் மருமகளுக்கு, தள்ளி நின்றபடி ஒரு முத்தம்.

உன் தம்பி

பி.கு.: உறையில் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். முழுக்கப் போகாது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அப்படியானால் நான் வருவதற்குள் அவள் காலேஜ் முடித்துவிடுவாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளுக்கு வெள்ளைச் சட்டையாகப் பார்த்துப் போட்டு வை.