வாத்து ஒன்று, நேரில் ஆஜர்

"குவாக்! குவாக்! குவாக்!"

செப்டம்பர் முப்பதாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, உலகத்தின் மிகச் சிறந்த அரசு அலுவலகத்துக்குள் அறுநூறு வாத்துகள் நுழைந்தன.

மிகச் சிறந்தது என்று நான் சொன்னதில் துளியும் மிகையில்லை. எங்கள் அலுவலகம் மட்டும் இல்லாவிட்டால், இந்தப் பக்கத்தில் பசியோடு இருப்பவர்களுக்குத் தாங்கள் பசியோடு இருப்பதே மறந்து போயிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு நாங்கள்தான் ஞாபகப்படுத்துகிறோம். நீடாமங்கலத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் அது எந்த ஊர் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

என் பெயர் குணசேகரன். இளநிலை உதவியாளர். மூன்றாம் எண் ஜன்னல் என்னுடையது. அந்த ஜன்னலில்தான் 'காலாண்டு நிலை உறுதிமொழி' பெறப்படுகிறது. ரேஷன் அட்டைக்கு மாதம் இருபது கிலோ அரிசி வேண்டுமென்றால், மூன்று மாதத்துக்கொரு தடவை குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து, வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் அட்டை 'உறங்கும்'. உறங்கும் அட்டைக்கு அரிசி கிடையாது. உறங்குகிறவர்கள் சாப்பிடுவதில்லை என்பது விஞ்ஞானம்.

எங்கள் அதிகாரி ஹரிஹரசுப்ரமணியன் கோப்பில் எழுதுவதைப் போலவே பேசுவார். வீட்டில் காபி கேட்பதும் அப்படித்தான் என்று கேள்வி. "மேற்படி பொருள் சூடாக வழங்கப்பட வேண்டும்" என்பாராம்.

ஜூலை மாதம் அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தது. பெயர் 'விழிப்பு'. அதற்கான பயிற்சி தஞ்சாவூரில் ஏ.சி. அறையில், மதியம் பிரியாணியோடு நடந்தது. ஏழைகள் சோம்பலின் காரணமாகப் போன தடவை சொன்ன பதிலையே இந்தத் தடவையும் சொல்லிவிடுகிறார்களாம். "மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை" என்று வருடக் கணக்கில் ஒரே பாட்டு. இனி அதே பதில் வந்தால் 'விழிப்பு' அதை 'நகல்' என்று கண்டுபிடித்துச் சிவப்பு காட்டும்.

அலுவலகங்கள் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அது நியாயமே. எங்கள் அறிக்கையில் ஏழு வருடமாக நான் தேதியை மட்டும்தான் மாற்றி வருகிறேன். பழமையைப் போற்றுவதில் எங்களுக்கு நிகர் இல்லை.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி மூன்றாம் எண் ஜன்னலுக்கு வந்தவர் தங்கமணி. நடவு ஆள். நாற்பத்தேழு வயது. நெல் மூட்டை ஏற்றப் போய்க் கால் முறிந்த கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள் வானதி, இவர். வீட்டில் மூன்று பேர்.

"ஒண்ணும் மாறலை தம்பி. சீக்கிரம் போட்டுக் குடுங்க" என்றார்.

போட்டேன். சிவப்பு.

"ஏற்க மாட்டேங்குது அக்கா. ஏதாவது மாறியிருக்கணும்."

"மாறலைன்னா?"

"அது உங்க தப்பு."

தங்கமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, குறுவை அறுப்பை மிஷினு வந்து ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போயிடுச்சு. சம்பா நடவு வர்ற வரைக்கும் இந்த அரிசிதான் உலையில போடணும். அட்டை தூங்கிடுச்சுன்னா நாங்க முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கணும்."

என் இதயம் இளகியது. அரசு ஊழியருக்கு இதயம் இருக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, தேடிப் பார்த்திருக்கிறேன். படிவத்தை வரிசையாக வாசித்தேன்.

"வீட்டுல பிறப்பு ஏதாவது?"

"இந்த வயசுலயா? நல்லாக் கேட்டீங்க!"

"இறப்பு?"

"அவரு வாசல்ல வேப்ப மரத்தடியிலதான் உக்காந்திருக்காரு. காதுல விழுந்தா கோச்சுக்குவாரு."

"வாகனம்?"

"ஃப்ரீ பஸ்ல வந்தேன். எழுதலாமா?"

"அது அரசாங்கத்தோடது. ஆடு, மாடு, பறவை?"

"தெனம் ஒரு காக்கா வந்துக்கிட்டிருந்துச்சு."

"உங்க காக்காவா?"

"சோறு வெச்சாத்தானே நம்ம காக்கா? ஒரு மாசமா அது பக்கத்து வீட்டுக்குத்தான் போவுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஜன்னலுக்கு உட்புறம் சிரிப்பு அனுமதிக்கப்படுவதில்லை. "ஒரு வாத்துன்னு போட்டுக்கிறேன் அக்கா. ஒண்ணே ஒண்ணு. அதனால யாருக்கும் நஷ்டமில்லை."

"என்கிட்ட வாத்தே இல்லையே தம்பி!"

"மாற்றம் இருக்குல்ல. அதுதான் முக்கியம்."

'விழிப்பு' பச்சை காட்டியது. தங்கமணி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஏழை மக்களின் நன்றியை நான் தலைக்கு ஏற்றிக்கொள்வதில்லை, தோளோடு நிறுத்திக்கொள்வேன்.

அன்று சாயங்காலமே அவர் மகளின் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது. 'தங்களது சொத்தில் உயர்வு கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி வாத்தினை முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நேரில் ஆஜர்படுத்தவும். தவறினால் அட்டை நிறுத்தப்படும்.'

வாத்து இல்லாதவர் வாத்துக்கு எங்கே போவார்? குறுவை அறுத்த வயல்களில் அப்போது துரைராசு என்பவரின் வாத்துப் பட்டி மேய்ந்துகொண்டிருந்தது. தங்கமணி போய் ஒரு நாளைக்கு ஒரு வாத்து இரவல் கேட்டார். "எது வேணுமோ பிடிச்சுக்க அக்கா" என்றார் துரைராசு. தங்கமணி அங்கேதான் ஒரு தவறு செய்தார். அதிகாரி முன்னால் நிற்கப் போகிற வாத்து ஆயிற்றே, பார்க்கக் கௌரவமாக இருக்கட்டும் என்று, கொழுகொழுவென்று தலை நிமிர்ந்து நின்ற வாத்தாகப் பார்த்துப் பிடித்தார்.

அதுதான் பட்டியின் முன் வாத்து. அது எங்கே போகிறதோ மற்ற ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அங்கே போகும். தங்கமணியின் இடுப்பிலிருந்து அது ஒரு குரல் கொடுத்தது. வயல் முழுதும் நிமிர்ந்து பார்த்தது. வரப்பு, வாய்க்கால், தார் ரோடு, பேருந்து நிறுத்தம் என்று ஒன்றரைக் கிலோமீட்டர் ஊர்வலம். பின்னாலேயே நீளக் கழியோடு துரைராசு, "அக்கா, நில்லுக்கா! அதை எறக்கி விடுக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். தங்கமணி நிற்கவில்லை. ஐந்து மணிக்குள் ஆஜர் ஆகாவிட்டால் அரிசி போய்விடும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

இப்படியாகத்தான் அந்த அறுநூறும் உள்ளே வந்தன. பார்வையாளர் நாற்காலிகளில் பார்வையாளராகவே அமர்ந்தன. பதிவறையில் புகுந்து கோப்புகளைப் புரட்டின; சில கோப்புகள் பத்து வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகப் புரட்டப்பட்டன. ஒரு வாத்து என் தபால் தட்டில் ஏறி முட்டையிட்டது. மேசையோரம் தரப் பரிசோதனைக்காக ஒரு மூட்டை அரிசி, இருபது கிலோ, வாய் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நான் "ஏய்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது காலி.

கோப்பில் 'மழையில் சேதம்' என்று எழுதினோம். அன்று வானம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கோப்பில் வானத்துக்கு இடம் இல்லை.

அதிகாரி அறையிலிருந்து வெளியே வந்தார். காலடியில் பார்த்தார். "உறுதிமொழியில் ஒரு வாத்து என்று காணப்படுகிறது. நேரில் அதிகமாகக் காணப்படுகிறது."

"இதுங்க என்னுது இல்லீங்க ஐயா" என்றார் தங்கமணி, முன் வாத்தைக் கீழே விடாமல்.

"குணசேகரன், எண்ணும்."

இருநூற்றுப் பதினாறு வரை எண்ணினேன். அவற்றில் நாலு இடம் மாறிக்கொண்டன. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சுற்றில் துரைராசு இரக்கப்பட்டு, "அறுநூறுங்க சார். எல்லாம் என்னோடது" என்றார்.

"இவை அனைத்துக்கும் தீவனம் வழங்குபவர் யார்?"

"யாரும் வழங்க வேணாம் சார். அறுத்த வயல்ல சிந்துன நெல்லைப் பொறுக்கித் தின்னுக்கும். இப்ப மேயுறது, ஜூன் மாசம் இந்த அக்கா நட்ட வயலுதான்."

அதிகாரி தங்கமணி பக்கம் திரும்பினார். "அம்மா, இதில் உமக்கு எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லீங்க ஐயா."

"அப்படியானால் உறுதிமொழி பொய். அட்டை நிறுத்தப்படும்."

"ஐயோ! சரிங்க, இது ஒண்ணு மட்டும் என்னுதுங்க!"

"அப்படியானால் மேற்படி வாத்தின் பின்னால் வந்த அனைத்தும் அதன் சார்ந்தோராகவே கருதத்தக்கவை. அறுநூறு வாத்துகள் உடையவர் ஏழை அல்ல. அட்டை நிறுத்தப்படும்." என் தபால் தட்டைச் சுட்டிக் காட்டினார். "உற்பத்தியும் தொடங்கிவிட்டது."

இரு பக்கமும் ஒரே நீதி! இப்படிப்பட்ட நடுநிலையை நீங்கள் வேறு எங்கே பார்ப்பீர்கள்?

"பழையபடி ஒண்ணும் மாறலைன்னே போட்டுடுங்க ஐயா" என்று தங்கமணி கேட்டுப் பார்த்தார். சிவப்பு.

"வாத்துன்னு நான் சொல்லலை, இந்தத் தம்பிதான்..." என்று அவர் என் பக்கம் கை நீட்டியபோது, குனிந்து மேசைக்கு அடியில் நின்ற வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடமை நேரத்தில் கவனம் சிதறக் கூடாது.

துரைராசு பட்டியை ஓட்டிப் போக மூன்று மணி ஆயிற்று. தங்கமணி போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். வேப்ப மரத்தடியில், பின்னால் பேருந்தில் வந்து சேர்ந்த அவர் கணவர் காலை நீட்டிக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார். நாலரைக்கு எங்கள் அலுவலகக் காலாண்டு அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பினேன். தேதியை மாற்றினேன். 'மாற்றம் ஏதும் இல்லை. பயனாளிகள் மிகுந்த மகிழ்ச்சி.' பச்சை.

நாலு ஐம்பதுக்குத் தங்கமணியின் அட்டை நிறுத்தப்பட்டது.

அதோடு கைவிடுவதற்கு நாங்கள் என்ன கல்நெஞ்சக்காரர்களா? மேல்முறையீட்டுப் படிவம் இருக்கிறது. நான்கு பக்கம், மூன்று நகல், தொண்ணூறு நாள். மூடும் நேரம் நெருங்கியும் பேனாவைத் திறந்து, என் கையாலேயே அவருக்காக நிரப்பத் தொடங்கினேன். இந்த மனிதாபிமானத்தைப் பற்றி யாராவது எழுதினால் ஆட்சேபமில்லை என்றுதான் இதை நானே எழுதுகிறேன்.

"விண்ணப்பதாரர் பேரு என்னன்னு போடட்டும் அக்கா? அட்டையில இருக்கிற மாதிரியே சொல்லுங்க."

தங்கமணி எழுந்து ஜன்னலுக்கு வந்தார். தரையில் கிடந்த காலி மூட்டையை ஒரு முறை பார்த்தார்.

"என் பேரு வேணாம், வாத்துன்னே எழுதுங்க தம்பி. காலையில அதுங்க இருபது கிலோவையும் தின்னுச்சே, அதுங்ககிட்ட யாராச்சும் படிவம் கேட்டீங்களா?"